மாப்பிள்ளை மோதிரம்

கல்யாணப் பேச்சில் மோதிரத்துக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரிதான். "மாப்பிள்ளைக்கு அரைப் பவுன்ல ஒரு மோதிரம் போட்டுடறோம்" என்பார் பெண்ணின் அப்பா. பையன் வீட்டுப் பக்கம் உட்கார்ந்திருக்கும் சித்தப்பா, "ஒரு பவுனாவே போட்டுடுங்களேன் சம்பந்தி, நாலு பேர் பார்க்கிற இடம்" என்பார். முக்கால் பவுனில் வந்து நிற்கும். அந்த மோதிரம் எந்த விரலுக்கு, அந்த விரல் என்ன பருமன், அந்தக் கை பகலெல்லாம் என்ன வேலை செய்கிறது என்று யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு நகை எடுக்கப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போகிறோம். மாப்பிள்ளை மோதிரத்தை மட்டும் மாப்பிள்ளை இல்லாமலே எடுத்துவிடுகிறோம். அடியில் நூல் சுற்றிய மோதிரங்களும், பீரோ லாக்கரைத் தாண்டாத மோதிரங்களும் இப்படி வந்தவைதான்.

ஆகவே எடைப் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் மாப்பிள்ளையின் கையைப் பற்றி விசாரியுங்கள்.

கைக்கு என்ன வேலை?

நம் ஆண்கள் பெரும்பாலும் வலது கை மோதிர விரலில்தான் போடுகிறார்கள். அதே கையால்தான் சாப்பிடுகிறோம். சாம்பார் சாதம் பிசையும் கையில் பூவேலை, கொடிவேலை செதுக்கிய மோதிரம் இருந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் பருப்பும் எண்ணெயும் போய் உட்காரும். மூன்று மாதத்தில் தங்கத்தின் பளபளப்பு மங்கிவிடும், மோதிரத்துக்கு அடியில் தோல் வெளுத்து அரிக்கும். கடைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது அழகாகத் தெரிகிற ஆழமான வேலைப்பாடு, சாப்பாட்டுக் கைக்கு ஆகாது. வேலைப்பாடு வேண்டும் என்று ஆசைப்பட்டால் மோதிரத்தின் மேல்பக்கத்தில் மட்டும் மெல்லிய வரிகளாக வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் இடது கைக்கு மாற்றிக்கொள்ளலாம். சடங்கு முடிந்தபின் எந்தக் கை என்று யாரும் பார்க்கப்போவதில்லை. வைதீகச் சடங்குகள் தொடர்ந்து செய்யும் வீடாக இருந்தால், தர்ப்பைப் பவித்திரமும் அதே வலது மோதிர விரலுக்குத்தான் வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். பெரிய முகப்பு வைத்த மோதிரம் அங்கே இடைஞ்சல்.

அடுத்தது தொழில். லேத், பிரஸ், விசைத்தறி, மோட்டார் மெக்கானிக், லாரி, கட்டட வேலை என்று இருப்பவருக்கு மோதிரம் ஆபத்து. ஓடும் இயந்திரத்திலோ, இறங்கும்போது லாரிப் பலகையிலோ மோதிரம் மாட்டினால் விரலின் தோலையும் தசையையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும். இதற்கு மருத்துவத்தில் தனிப் பெயரே உண்டு. விரலையே எடுக்க வேண்டி வருவதும் உண்டு. எலெக்ட்ரீஷியனுக்கும் பேட்டரி வேலை செய்பவருக்கும் வேறொரு தொல்லை: மோதிரம் இரண்டு முனைகளைத் தொட்டுவிட்டால் மின்சாரம் அதன் வழியே பாய்ந்து, நொடியில் உலோகம் பழுத்து விரலைச் சுட்டுவிடும். இப்படிப்பட்டவர்கள் வேலை நேரத்தில் கழற்றி வைக்கத்தான் வேண்டும். அவர்களுக்கு எடுக்கும் மோதிரம் சுலபமாகக் கழலக்கூடியதாக, தொலைந்தால் வீடே துக்கம் காக்காத எடையில் இருக்கட்டும். கழற்றி வைத்த மோதிரத்தைக் கோத்துக்கொள்ளக் கழுத்தில் ஒரு சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது.

மென்பொருள் நிறுவனத்தில் விசைப்பலகை தட்டுகிறவர்தானே என்று அலட்சியம் வேண்டாம். அவர் மாலையில் ஜிம்முக்குப் போகிறவராக இருக்கலாம். இரும்புக் கம்பியை இறுகப் பிடிக்கும்போது 22 காரட் மோதிரம் நசுங்கி நீள்வட்டமாகும். பைக் ஓட்டுகிறவருக்கு மோதிர முகப்பு அகலமாக இருந்தால் பக்கத்து விரலை நாளெல்லாம் அறுத்துக்கொண்டே இருக்கும்.

அளவு

மோதிரம் வாங்குவதில் பாதி வேலை இதுதான். நம் கடைகளில் பழக்கத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விரலின் சுற்றளவை மில்லிமீட்டரில் அளந்து 40-ஐக் கழித்தால் வருவதுதான் அளவு. 60 மில்லிமீட்டர் என்றால் 20-ஆம் நம்பர். 63 என்றால் 23. ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் சுற்றளவில் வித்தியாசம் ஒரே ஒரு மில்லிமீட்டர். "கண்ணால பார்த்தா தெரியும், என் மருமகன் விரல் என் விரல் மாதிரிதான்" என்று சொல்லும் மாமனாரின் கணிப்பு இந்த ஒரு மில்லிமீட்டரில்தான் தோற்கும்.

நூலால் அளக்காதீர்கள், நூல் இழுபடும். காகிதத்தை மெல்லிய பட்டையாக வெட்டி, விரலின் அடியில் சுற்றி, சேரும் இடத்தில் பேனாவால் கோடு போட்டு, பிரித்து ஸ்கேலில் வைத்துப் பாருங்கள். அதே பட்டையை நடு மூட்டின் மேலும் சுற்றிப் பாருங்கள். சிலருக்கு மூட்டு பெருத்து, விரலடி ஒல்லியாக இருக்கும். அவர்களுக்கு அடி அளவில் எடுத்தால் மோதிரம் ஏறாது. மூட்டு அளவில் எடுத்தால் உள்ளே போனபின் சுழன்றுகொண்டே இருக்கும். இரண்டுக்கும் நடுவே எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட விரலுக்கு முகப்பு கனமான மோதிரம் வேண்டாம், அது எப்போதும் உள்ளங்கைப் பக்கமே திரும்பி நிற்கும்.

விரல் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதும் இல்லை. காலையில் ஒல்லி, வெயிலிலும் நடந்துவிட்டு வந்த பிறகும் பருமன். மார்கழிக் குளிரில் அளந்து சித்திரையில் போட்டால் இறுக்கும். உப்பு தூக்கலாகச் சாப்பிட்ட மறுநாள் வீங்கியிருக்கும். எந்தக் கையால் வேலை செய்கிறாரோ அந்தக் கை விரல் கொஞ்சம் பெரிதாகவே இருக்கும், ஆகவே இடது கையை அளந்து வலது கைக்கு எடுக்கக் கூடாது. மாலை நேரத்தில், கை சாதாரணச் சூட்டில் இருக்கும்போது அளப்பது நல்லது. பட்டை அகலம் 6 மில்லிமீட்டருக்கு மேல் போனால் அரை அல்லது ஒரு நம்பர் கூட்டி எடுங்கள். அகலப் பட்டை கூடுதல் தோலைப் பிடிப்பதால் அதே நம்பரிலேயே இறுக்கமாகத் தெரியும்.

இதையெல்லாம் மாப்பிள்ளையிடம் யார் கேட்பது என்று பெண் வீட்டில் ஒரு தயக்கம் இருக்கும். இப்போது நிச்சயத்துக்கு முன்பிருந்தே பெண்ணும் பையனும் போனில் பேசிக்கொள்கிறார்கள், பெண்ணே கேட்கட்டும். அவருக்கு நம்பர் தெரியாது என்றால், அவர் ஊரில் ஏதாவது ஒரு நகைக்கடைக்குள் நுழைந்து "அண்ணே, விரல் அளவு மட்டும் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்கச் சொல்லுங்கள். சாவிக்கொத்து போல வளையங்கள் கோத்த ஒரு கொத்தை எடுத்து இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வளையம் மூட்டில் லேசாகத் தயங்கி ஏற வேண்டும், கையை உதறினால் விழக் கூடாது, கழற்றும்போது கொஞ்சம் திருகினால் வர வேண்டும். முடிந்தால் ஆர்டர் கொடுக்கிற கடையின் வளையக் கொத்திலேயே இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். கடைக்குக் கடை கொஞ்சம் முன்பின் இருக்கும்.

எடையும் தடிமனும்

இனி பவுன் பேச்சுக்கு வரலாம். ஒரு பவுன் 8 கிராம். 20-ஆம் நம்பர் விரலுக்கு 4 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு சாதாரணப் பட்டை மோதிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரைப் பவுனில் செய்தால் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். இது தினமும் போடத் தாங்கும். கால் பவுனில் அதே அகலம் கேட்டால் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட வராது. தகடு மாதிரி, கதவிடுக்கில் பட்டாலே வளையும். முக்கால் பவுனுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டருக்குச் சற்று மேலேயே கிடைக்கும். பட்ஜெட் குறைவு என்றால் அகலத்தைக் குறையுங்கள், தடிமனைக் குறைக்காதீர்கள். 2.5 மில்லிமீட்டர் அகலத்தில் கெட்டியான மோதிரம் இருபது வருடம் இருக்கும்.

குறைந்த எடையில் பெரிதாகக் காட்டும் மோதிரங்களும் கடையில் உண்டு. உள்ளே குடைந்து வெற்றிடமாக வைத்திருப்பார்கள். மேடையில் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். நசுங்கினால் நிமிர்த்த முடியாது, அளவு மாற்றவும் முடியாது. தினசரி போடுகிற கல்யாண மோதிரத்துக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மோதிரத்தைக் கவிழ்த்து உள்பக்கத்தைப் பாருங்கள்: கெட்டி மோதிரத்தின் உள்பக்கம் வழவழப்பாக, ஓரங்கள் லேசாக உருட்டி விட்டதாக இருக்கும். இப்படி உருட்டிய உள்பக்கம் மூட்டைத் தாண்ட எளிது, வியர்வையும் தேங்காது.

தங்கமா, வேறா?

நம் ஊரில் 22 காரட் என்பது கேள்வியே இல்லாத வழக்கம். விற்கும்போது மதிப்பு, பெரியவர்களின் திருப்தி, நிறம் எல்லாம் அதற்குச் சாதகம். ஆனால் 22 காரட் மிருதுவானது. கல் பதிக்க வேண்டும், அதுவும் வைரம் என்றால் 18 காரட்டுக்குப் போவது நல்லது. கல்லைப் பிடிக்கும் கொக்கிகள் வளையாது. 18 காரட்டில் முக்கால் பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் போன்ற உலோகங்கள். வெள்ளைத் தங்கம் என்று விற்பதும் தங்கமே, மேலே ரோடியம் பூசியிருக்கும். ஓரிரு வருடத்தில் பூச்சு தேய்ந்து மஞ்சள் எட்டிப் பார்க்கும். மறுபடி பூச வேண்டும். அந்தச் செலவைக் கடைக்காரர் முதலிலேயே சொல்வது அபூர்வம்.

பிளாட்டினம் இன்றைய இளைஞர்கள் விரும்பிக் கேட்பது. 950 என்ற முத்திரை இருக்கும். ஆயிரத்தில் 950 பங்கு பிளாட்டினம் என்று பொருள். நிறம் மாறாது, பூச்சு தேவையில்லை, ஒவ்வாமை அபூர்வம். ஒரே அச்சில் மூன்று மோதிரம் செய்தால் 18 காரட் 6 கிராம், 22 காரட் 7 கிராம், பிளாட்டினம் 8 கிராம் என்ற விகிதத்தில் வரும். அவ்வளவு அடர்த்தி. பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும். தங்கத்துக்கு 1,064 போதும். அதனால் தெருமுனை ஆசாரியிடம் கொடுத்து அளவு மாற்ற முடியாது. வாங்கிய கடைக்கே போக வேண்டும். திரும்ப விற்கப் போனாலும் தங்கத்துக்கு இருக்கிற சந்தை இதற்கு இல்லை. போட்டுக்கொள்ள நல்லது, சேமிப்பாக நினைக்க வேண்டாம்.

முஸ்லிம் வீட்டுத் திருமணங்களில் ஆண்கள் தங்கம் அணிவதில்லை. மாப்பிள்ளைக்கு வெள்ளி மோதிரமே மரபு. வெள்ளைத் தங்கம் நிறத்தில் ஏமாற்றும், அதுவும் தங்கம்தான். வெள்ளியில் 925 தரம் கேளுங்கள், கனமாகவே செய்யச் சொல்லுங்கள். கிறிஸ்தவத் திருமணத்தில் மோதிரத்தை ஆசீர்வதித்து ஆலயத்தில் மாற்றிக்கொள்கிறார்கள், அதனால் அங்கே பெரும்பாலும் சாதாரண வட்ட மோதிரம் ஜோடியாக எடுக்கிறார்கள். சொல்லப்போனால் அந்த எளிய வட்டம்தான் எல்லாச் சமயத்து ஆண்களுக்கும் தினசரி போட வசதியானது.

டைட்டானியம், டங்ஸ்டன் கார்பைடு மோதிரங்களும் இணையத்தில் மலிவாகக் கிடைக்கின்றன. டங்ஸ்டன் கார்பைடில் கீறல் விழாது. ஆனால் அளவு மாற்றவே முடியாது, கல் தரையில் விழுந்தால் உடையலாம். விரல் வீங்கி மோதிரம் மாட்டிக்கொண்டால் தங்கத்தைச் சிறு வெட்டுக் கருவியால் அறுத்து எடுத்துவிடலாம். டங்ஸ்டன் கார்பைடை அறுக்க முடியாது, இடுக்கியால் நெரித்து உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

கல்லும் எழுத்தும்

ராசிக்கல்லையும் கல்யாண மோதிரத்தையும் ஒன்றாக்காதீர்கள். ஜோசியர் இன்னொரு கல் சொன்னால் மோதிரமே மாறிவிடும். தவிர, முத்தும் பவளமும் மிருதுவானவை. சோப்பும் சென்ட்டும் தினமும் பட்டால் மங்கும். மரகதத்தில் வெடிப்புகளை மறைக்க எண்ணெய் ஏற்றுவது பரவலான வழக்கம், வெந்நீரும் கடைகளில் உள்ள அதிர்வுச் சுத்திகரிப்பும் அதற்கு ஆகாது. கல் வேண்டும் என்றால் ஒரே ஒரு சிறு வைரம், பட்டைக்குள் அமுங்கி மேற்பரப்போடு சமமாக இருக்கட்டும். தூக்கி நிறுத்திய கல் சட்டைப் பையிலும் தலைமுடியிலும் மாட்டும்.

உள்பக்கம் இருவர் பெயரின் முதலெழுத்தும் கல்யாணத் தேதியும் பொறிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. செய்யுங்கள், அழகான பழக்கம். ஆனால் ஹால்மார்க் முத்திரையும் அங்கேதான் இருக்கிறது, அதன் மேல் பொறிக்க விடாதீர்கள். பின்னாளில் அளவு மாற்றக் கொடுக்கும்போதும் முத்திரை இல்லாத இடத்தில் அறுக்கச் சொல்லுங்கள்.

கடையில்

தியாகராய நகர் உஸ்மான் சாலையோ, மதுரை தெற்காவணி மூல வீதியோ, உங்கள் ஊர்க் கடைவீதியோ, பார்க்க வேண்டியவை ஒன்றுதான். மோதிரத்தின் உள்பக்கம் பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று குறிகள் இருக்க வேண்டும்: பி.ஐ.எஸ். முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 916, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. 2023 ஏப்ரல் 1 முதல் இந்த ஆறு இலக்கக் குறியீடு உள்ள ஹால்மார்க் மட்டுமே செல்லும். போனில் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியைத் திறந்து அந்த ஆறு இலக்கத்தை அடித்தால், என்ன நகை, என்ன தரம், எந்த மையம் சோதித்தது என்று காட்டும். கையில் மோதிரம் இருக்க, செயலி 'கம்மல்' என்று காட்டினால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் இல்லை, எடை குறைந்த மோதிரம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப்போல் இரு மடங்கும் சோதனைச் செலவும் கேட்க விதி இடம் தருகிறது.

"இது கே.டி.எம். சார்" என்று இன்னும் சில கடைகளில் சொல்வார்கள். அது காட்மியம் கலந்த பொடி வைத்துப் பற்றவைத்ததைச் சொல்லும் பழைய பேச்சு. தரச் சான்று ஆகாது. அந்தப் புகை நகை செய்பவரின் நுரையீரலுக்கும் கேடு.

விலையில் பேரம் பேச இடம் இருப்பது சேதாரத்தில்தான். கிராம் 10,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 4 கிராம் மோதிரத்துக்குச் சேதாரம் 12 சதவீதம் என்றால் 44,800 ரூபாய். 18 சதவீதம் என்றால் 47,200. ஒரே எடை, ஒரே தங்கம், 2,400 ரூபாய் வித்தியாசம். இதன் மேல் 3 சதவீத ஜி.எஸ்.டி., ஹால்மார்க் கட்டணம் நகைக்கு 45 ரூபாயும் அதற்கான வரியும். வேலைப்பாடு இல்லாத வட்ட மோதிரத்துக்கு இயந்திர வேலையே அதிகம். அதற்குக் கூடுதல் சேதாரம் கொடுக்க வேண்டியதில்லை. "என்னங்க, இதுல என்ன வேலை இருக்கு, சேதாரத்தைக் குறைச்சுப் போடுங்க" என்று கேட்பதில் கூச்சமே வேண்டாம். கடைக்காரர் சூப்பர்வைசரைக் கூப்பிடுவார், குறையும். கல் வைத்த மோதிரமாக இருந்தால் கல் எடையைக் கழித்த தங்க எடை பில்லில் தனியாக இருக்க வேண்டும். கல்லைத் தங்க விலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

மூன்று கேள்விகளுக்குப் பதிலை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்: ஒரு முறை அளவு மாற்றுவது இலவசமா, திரும்பக் கொடுத்தால் என்ன கழிப்பார்கள், எத்தனை நாளில் கிடைக்கும். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது மோதிரம் கைக்கு வந்துவிட வேண்டும். மாப்பிள்ளை ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். மேடையில்தான் முதல்முறை போட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை. முகூர்த்தத்தன்று மூட்டில் மாட்டிய மோதிரத்தை மைத்துனன் திருகித் தள்ளுவதை வீடியோவில் பார்த்தால் தெரியும்.

நலங்கில் குடத்து நீருக்குள் மோதிரம் போட்டுத் தேடும் விளையாட்டுக்கு இதையே கழற்றிப் போடுகிற வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. கல் வைத்த மோதிரம் என்றால் வேண்டாம். வேறு ஒரு சாதா மோதிரம் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு விருந்து விருந்தாகப் போகும் முதல் ஆறு மாதத்தில் பல மாப்பிள்ளைகள் இரண்டு மூன்று கிலோ கூடிவிடுகிறார்கள், விரலும் சேர்ந்து பெருக்கும். இறுக்கமாகத் தெரிந்த அன்றே கடைக்குப் போங்கள். சாதாப் பட்டையை ஒரு நம்பர் வரை தட்டியே நீட்டிவிடலாம். அதற்கு மேல் என்றால் அறுத்துத் துண்டு சேர்க்க வேண்டும். சுற்றிலும் கல் பதித்ததை எதுவும் செய்ய முடியாது. தொளதொளத்தால் நூல் சுற்றாமல் அளவைக் குறைத்து வாங்குங்கள். நூலில் ஈரமும் அழுக்கும் தங்கி விரல் புண்ணாகும்.

பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு இன்னொரு மோதிரம் எடுக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பணத்துக்கு ஹால்மார்க் தங்கக் காசாக வாங்கிக் கொடுங்கள். சேதாரம் குறைவு, அளவுப் பிரச்சினை இல்லை. அவர் விரலில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதுவே போதும்.